ஜே லெனோவின் கராஜும் மேவிஸின் பங்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய கார்களை வாங்கிச் சீர்படுத்தி ஓட்டும் பழக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அதற்கான விலையை அந்த வீட்டில் இருக்கும் இருவருமே கொடுக்கிறார்கள். வாசலில் இடம் போகிறது. ஸ்பேர் பார்ட்ஸுக்கும் டிங்கரிங்குக்கும் பெயின்டிங்குக்கும் பணம் போகிறது. விடுமுறை நாள்கள் கரைகின்றன. காரை விரும்பியவருக்கு இவற்றுக்கெல்லாம் ஈடாக ஒரு மகிழ்ச்சி கிடைக்கிறது. அவருடைய துணைக்கு என்ன கிடைக்கிறது, அவர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. பழைய கார்களைப் பற்றி ஏராளமாக எழுதப்படுகிறது. அந்தக் கார்களோடு வாழ்ந்த இல்லறங்களைப் பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஜே லெனோவும் அவருடைய மனைவி மேவிஸும் 1980-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று திருமணம் செய்துகொண்டவர்கள். உலகில் பழைய கார் ஆர்வலர் என்று சொன்னவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவர் லெனோ. 180-க்கும் மேற்பட்ட கார்களும் ஏறக்குறைய 160 மோட்டார் சைக்கிள்களும் அவரிடம் உள்ளன. அவர்களுடைய வாழ்க்கையின் பெரும்பகுதி பேட்டிகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும், அண்மையில் நீதிமன்ற ஆவணங்களிலும் பதிவாகியிருப்பதால் இந்த ஆய்வுக்கு அவர்களை எடுத்துக்கொண்டேன். மேவிஸ் கார்களை நேசித்ததால் இந்த இல்லறம் நிலைத்தது என்று எங்கும் சான்று கிடையாது. அவர் தமக்கென்று ஒரு பெரிய பணியை வைத்துக்கொண்டார், கணவரின் கார்களுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் வீட்டுச் செலவிலிருந்து விலகிய ஒரு பொருளாதாரமும் அமைந்தன, பின்னாளில் அவர் நோயுற்றபோது அந்த ஏற்பாடே கார்கள் பின்வாங்கி நிற்பதற்கும் வழிவிட்டது என்பதுதான் நான் இதிலிருந்து எடுக்கும் முடிவு.

காருக்கு முன்பும் பின்பும்

1950-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெலில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் வளர்ந்த லெனோ, பதினான்கு வயதிலேயே 1934-ஆம் ஆண்டின் ஃபோர்டு பிக்கப் வண்டி ஒன்றை வாங்கித் தந்தையுடன் சேர்ந்து சீர்படுத்தத் தொடங்கியவர். ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டாத பையனுக்கு அப்படி ஒரு வண்டி கிடைத்தது என்றால், பெற்றோர் வாசலில் இடம் கொடுத்தார்கள் என்று பொருள். பின்னர் பாஸ்டனில் ரோல்ஸ்-ராய்ஸ், மெர்சிடிஸ் கார்களை விற்ற நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். ஆகவே கார் அவருக்குப் பணம் வந்தபின் ஒட்டிக்கொண்ட பொழுதுபோக்கு அல்ல. இதை இங்கே வலியுறுத்துவதற்குக் காரணம், மேவிஸ் அவரைச் சந்தித்தபோதே அவர் கார் மனிதர். திருமணத்துக்குப் பிறகு திடீரென்று கிளம்பிய பைத்தியமாக அது மனைவிக்கு முன் வந்து நிற்கவில்லை.

இருவரும் சந்தித்தது 1970-களின் நடுப்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை அரங்கில். லெனோ மேடையில் இருந்தார். மேவிஸ் பார்வையாளர்களிடையே இருந்தார். மேவிஸ் வாசிப்பில் ஊறியவர். பெண்ணுரிமைக் கருத்துகளில் உறுதியானவர். திருமணம் என்ற ஏற்பாட்டின் மீதே அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. லெனோவோ சிறுவயது முதல் வாசிப்புச் சிரமம் உள்ளவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவந்திருக்கிறார். எழுத்தை விட இயந்திரம்தான் அவருக்கு எளிதாகப் பிடிபட்டது. இயல்பில் இவ்வளவு விலகி நின்ற இருவர் குழந்தைகள் வேண்டாம் என்ற முடிவில் ஒத்துப்போனார்கள். லெனோ பின்னாளில் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லும்போதெல்லாம், உங்களுக்கு இருந்திருக்க வேண்டிய மனசாட்சியாக இருக்கும் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வெறும் மேடைப் பேச்சாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நடந்தவை அதற்குச் சான்றாக இருக்கின்றன.

ரோட்மாஸ்டர்

இந்த இல்லறத்தைப் புரிந்துகொள்ள, அந்த நூற்றெண்பது கார்களில் ஒன்றே ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால் நான் 1955-ஆம் ஆண்டின் பியூக் ரோட்மாஸ்டரைத்தான் காட்டுவேன். 1972-இல் அதை லெனோ 350 டாலருக்கு வாங்கினார். அப்போது அது பதினேழு ஆண்டுப் பழைய, யாரும் அரியது என்று கருதாத, பெரிய குடும்பக் கார். கையில் பணம் இல்லாத நாள்களில் அவர் அதிலேயே தூங்கியிருக்கிறார். மேவிஸை வெளியே அழைத்துச் சென்றது அதில்தான். 1977-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘தி டுநைட் ஷோ’ என்ற இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதன்முறையாகத் தோன்றச் சென்றதும் அதில்தான். பிறகு வேறு கார்கள் வந்தன. ரோட்மாஸ்டர் ஓடாமல் நின்றுபோனது. நின்ற இடம் மேவிஸின் தாயார் வீட்டு வாசல்.

பல ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. பழைய கார் வைத்திருப்பவர்களின் உறவினர் ஒருவரையாவது அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். ரோட்மாஸ்டர் சிறிய கார் அல்ல. ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். டயர் காற்றிறங்கி, குரோமியம் மங்கி, கீழே எண்ணெய்க் கறை படிய, மருமகனின் கார் ஒன்று மாமியார் வீட்டு வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கு யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தந்தது லெனோவின் வீடு அல்ல, மேவிஸின் பிறந்த வீடு. எடைக்குப் போட்டுவிடச் சொல்வதற்கு எல்லா நியாயமும் இருந்த இடத்தில் அந்தக் கார் பிழைத்திருந்தது. துணையின் ஆதரவு என்று எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டால், முதலில் இந்த வாசலைத்தான் காட்டுவேன். கண்காட்சிக்குக் கூடவே வந்து கைதட்டுவதை விட இது கடினமானது. ஏனென்றால் இதற்கு நன்றி சொல்ல யாரும் மேடை அமைப்பதில்லை.

பின்னர் லெனோ அந்தக் காரை எடுத்து முழுமையாகத் திரும்பக் கட்டினார். செய்த முறையும் கவனிக்க வேண்டியது. 1955-இல் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது 322 கன அங்குல வி-8 என்ஜின், 236 குதிரைத் திறன். இன்று அதில் இருப்பது 572 கன அங்குலம், அதாவது 9.4 லிட்டர் கொள்ளளவுள்ள ஷெவ்ரலே என்ஜின். 620 குதிரைத் திறன். சஸ்பென்ஷன் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் பாகங்களிலிருந்து அமைக்கப்பட்டது. ஆனால் வெளியே பாடியின் கோடுகளையும், முன் மட்கார்டின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் நான்கு வட்டத் துளைகளையும் அவர் தொடவில்லை. தெருவில் பார்ப்பவருக்கு அது இன்னும் அந்தப் பழைய பியூக்தான்.

அசல் பாகங்களை மாற்றவே கூடாது என்று கருதும் ஆர்வலர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களுடைய கொள்கைக்கு நான் மதிப்புத் தருகிறேன். உலகில் ஒன்றிரண்டே மிஞ்சிய காரில் இப்படிச் செய்திருந்தால் நானும் வருந்தியிருப்பேன். ரோட்மாஸ்டர் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட கார். இதன் மதிப்பு அபூர்வத்தில் இல்லை; இரண்டு மனிதர்களின் இளமை அதில் ஏறிச் சென்றிருக்கிறது என்பதில் இருக்கிறது. அப்படிப்பட்ட காரை இன்றைய நெடுஞ்சாலையில் அச்சமின்றி ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதை விட நேர்மையான பாதுகாப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடமும் பணமும்

லெனோவின் கார்கள் அவர் குடியிருக்கும் வீட்டில் இல்லை. கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில், விமான நிலையத்துக்கு அருகே, பெரிய கொட்டகைகள் கொண்ட தனி வளாகத்தில் அவை இருக்கின்றன. அங்கே லேத்தும் மில்லிங் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வெல்டிங் பகுதியும் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்யும் மெக்கானிக்குகள் உண்டு. ஒரு சமையலறை கூட உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸுக்குச் சொந்தமாக இருந்த 1925-ஆம் ஆண்டின் டோபிள் நீராவிக் கார் அங்கே இருக்கிறது. மொத்தமே 106 செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்-1 கார்களில் ஒன்றும் அங்கே இருக்கிறது. 1909-ஆம் ஆண்டின் பேக்கர் மின்சாரக் காரும் இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை லெனோவின் ஏற்பாடு பலரும் கேள்விப்பட்டது. ‘தி டுநைட் ஷோ’ நிகழ்ச்சியை 1992 முதல் 2009 வரையும், மறுபடி 2010 முதல் 2014 வரையும் அவர் நடத்தினார். அந்தச் சம்பளத்தைத் தொடாமல் சேமித்து, மேடை நிகழ்ச்சிகளில் வரும் வருமானத்தைக் கொண்டே வாழ்ந்ததாகப் பல முறை சொல்லியிருக்கிறார். மேடை நிகழ்ச்சி என்றால் ஊர் ஊராகப் பறந்து சென்று ஒரு மணி நேரம் நின்று பேசி வாங்கும் கூலி. கடன் வாங்கிக் கார் வாங்குவதை அவர் ஏற்றதில்லை. கார் வாங்கியதால் வீட்டின் அடிப்படை ஆட்டம் கண்டது என்ற நிலை இந்த இல்லறத்தில் எழவே வாய்ப்பில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு பெரிய செல்வம் படைத்தவரை மற்றவர்களுக்கு எப்படி எடுத்துக்காட்டாகக் கொள்வது என்ற ஆட்சேபம் நியாயமானது. அவரிடம் கொட்டகை வாங்கப் பணம் இருந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கவில்லை. ஒரே ஒரு பழைய ஃபியட்டைத் தெருவோரம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த அளவுகள் பொருந்தாது. ஆனால் எல்லை வகுக்கும் முறை பொருந்தும். எந்த வருமானத்திலிருந்து காருக்குச் செலவு, கார் எங்கே நிற்கும், எந்த நேரம் அதற்குரியது என்ற மூன்றும் முன்கூட்டியே தெளிவாக இருக்கும் வீட்டில், துணை ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் பஞ்சாயத்து பேச வேண்டியதில்லை. சண்டை பெரும்பாலும் தொகையின் அளவால் வருவதில்லை. தொகை எங்கிருந்து போகிறது என்று தெரியாததால் வருகிறது.

மேவிஸின் பணி

மேவிஸைக் கார்க்காரரின் மனைவி என்று மட்டும் எழுதினால் அது அவருக்கு இழைக்கும் அநீதி. 1996 செப்டம்பரில் காபூல் தாலிபான் வசமானது. பெண்கள் வேலைக்குச் செல்வதும் சிறுமிகள் பள்ளிக்குச் செல்வதும் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவில் அதைப் பற்றி அப்போது பேசியவர்கள் மிகக் குறைவு. ஃபெமினிஸ்ட் மெஜாரிட்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆப்கானியப் பெண்கள் மீதான ஒடுக்குமுறைக்கு எதிராகத் தொடங்கிய இயக்கத்துக்கு 1997 முதல் மேவிஸ் தலைமை ஏற்றார். அமெரிக்க அரசு தாலிபான் ஆட்சியை அங்கீகரித்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கை. துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாகப் பாகிஸ்தானுக்கு எரிவாயுக் குழாய் அமைக்கத் திட்டமிட்டிருந்த யூனோகால் நிறுவனத்தையும் அவர்கள் எதிர்த்தார்கள். 1998 டிசம்பரில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. அதற்குக் காரணங்கள் பல. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிரிக்காவில் அமெரிக்கத் தூதரகங்கள் மீது நடந்த குண்டுவெடிப்புகளும் அதன் விளைவுகளும் முக்கியமானவை. பெண்கள் அமைப்புகளின் அழுத்தமும் அவற்றுள் ஒன்று.

இந்த இயக்கத்துக்கு லெனோ தம்பதியர் 1,00,000 டாலர் நன்கொடை அளித்தார்கள். இரவில் லட்சக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சியின் தொகுப்பாளருடைய மனைவி என்ற நிலை, மேவிஸ் பேசுவதைப் பத்திரிகைகள் கேட்கக் காரணமாக இருந்தது. அந்தக் கவனத்தை அவர் தம்மைப் பற்றிப் பேசப் பயன்படுத்தவில்லை. லெனோ பர்பேங்கில் நூறாண்டுப் பழைய இயந்திரத்தோடு மல்லுக்கு நின்ற அதே ஆண்டுகளில், மேவிஸ் வாஷிங்டனில் செனட் உறுப்பினர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆதரவு என்பது ஒரு வழிப் பாதையாக இருந்தால் அது நாளடைவில் தியாகமாகவும், பிறகு குறையாகவும் மாறிவிடும். இங்கே அப்படி நேராததற்கு இந்த இரண்டாவது பணியே காரணம் என்று நினைக்கிறேன். கணவர் கராஜுக்குப் போனதால் வெறுமையாகிப்போன மாலைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை மேவிஸுக்கு ஏற்படவில்லை. இந்த ஆய்வுக்கு ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்: கார்களைப் பற்றி லெனோ பேசியது மலைபோல் குவிந்திருக்கிறது, அந்தக் கார்களோடு வாழ்ந்தது பற்றி மேவிஸ் தம் வாயால் சொன்னது மிகக் கொஞ்சம். பொதுவெளியில் அவர் பேசியதெல்லாம் பெரும்பாலும் ஆப்கானியப் பெண்களைப் பற்றித்தான். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தாம் பேச வேண்டியது எது என்பதில் அவர் தெளிவாக இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒயிட் நீராவிக் கார்

லெனோவிடம் உள்ள 1907-ஆம் ஆண்டின் ஒயிட் நீராவிக் காரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளீவ்லாந்தில் தையல் இயந்திரம் செய்துவந்த ஒயிட் குடும்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவிக் கார்களைச் செய்தது. அமெரிக்க அதிபர் டாஃப்ட் 1909-இல் வெள்ளை மாளிகைக்காகப் பயன்படுத்திய கார்களில் ஒன்று இந்த நிறுவனத்தின் நீராவிக் கார். பாய்லர் என்று நாம் நினைக்கும் பெரிய அண்டா இதில் கிடையாது. சுருள் சுருளாக வளைத்த குழாய்க்குள் மேலிருந்து தண்ணீரைச் செலுத்துகிறார்கள். கீழே பர்னரின் வெப்பத்தை நெருங்கும்போது அது நீராவியாகிவிடுகிறது. பர்னருக்கு எரிபொருள் பெட்ரோல். அதைச் சூட்டினால் ஆவியாக்கி எரிக்கிறார்கள். பர்னரைப் பற்றவைக்க ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

இந்தக் காரில் பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் அலுமினியப் பாகம் ஒன்று உண்டு. நூறாண்டுப் பயன்பாட்டில் அந்த உலோகம் நுண்துளை விழுந்து, நீராவியும் எண்ணெயும் கசியத் தொடங்கின. கடையில் வாங்க முடியாது. செய்த நிறுவனமே நீராவிக் காரை விட்டு நூறாண்டு கடந்துவிட்டது. பழைய முறையில் என்றால் லேத் பட்டறைக்காரரிடம் தேய்ந்த பாகத்தைக் கொடுத்து அதேபோல் கடைந்து தரச் சொல்ல வேண்டும். தேய்மானமும் கோணலும் புதுப் பாகத்திலும் வந்துவிடும் ஆபத்து உண்டு. லெனோவின் பட்டறையில் அதை லேசர் ஒளியால் அளந்து கணினியில் ஏற்றி, தேய்ந்த இடங்களைத் திரையிலேயே திருத்தி, முதலில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, காரில் பொருத்திப் பார்த்து, சரியாக உட்கார்ந்தபின் உலோகத்தில் செய்தார்கள். 2009-இலேயே அவர் இதைப் பத்திரிகையில் விளக்கி எழுதினார். பழைய வாகனங்களைக் காக்கும் கலையில் அது ஒரு திருப்புமுனை. இன்று சிறு ஊர்களில் கூட இந்த வசதி கிடைக்கிறது. பாகம் கிடைக்கவில்லை என்பதற்காகக் காரை எடைக்குப் போட வேண்டிய காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று லெனோ 1907-ஆம் ஆண்டின் ஒயிட் நீராவிக் காருக்கு அடியில் படுத்திருந்தார். பெட்ரோல் குழாயில் அடைப்பு. மேலே இருந்த நண்பரிடம் குழாய்க்குள் காற்று அடிக்கச் சொன்னார். அடைப்பு விலகிய கணத்தில் பெட்ரோல் அவர் முகத்தில் பீய்ச்சியது. எரிந்துகொண்டிருந்த சிறு சுடர் அதைப் பற்றிக்கொண்டது. நண்பர் அவரை வெளியே இழுத்துத் தீயை அணைத்தார். முகத்திலும் மார்பிலும் கைகளிலும் கடுமையான எரிகாயம். எரிகாயச் சிகிச்சை மையத்தில் அறுவைச் சிகிச்சைகளும் தோல் ஒட்டும் சிகிச்சையும் நடந்தன. ஒரு காதைச் சீரமைக்க வேண்டியிருந்தது. அந்த மாத இறுதிக்குள்ளேயே அவர் மேடையேறிவிட்டார். அடுத்த ஜனவரியில், 1940-ஆம் ஆண்டின் இந்தியன் மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்றபோது பெட்ரோல் கசியும் வாடை வர, சரிபார்க்க ஒரு வாகன நிறுத்துமிடத்துக்குள் திரும்பினார். குறுக்கே அடையாளத் துணி எதுவுமின்றிக் கட்டப்பட்டிருந்த கம்பி அவரைக் கீழே தள்ளியது. காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன; முழங்கால் சில்லுகள் விரிசல் கண்டன.

இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு விபத்துகள். பணிமனைப் பாதுகாப்பு என்ற கோணத்தில் முதல் விபத்து சொல்வது மிகத் தெளிவானது: எரியும் சுடர் இருக்கும் வண்டியில் எரிபொருள் குழாயைத் தொடும் முன் சுடரை அணைக்க வேண்டும், காற்றழுத்தம் கொடுக்கும்போது அடியில் ஆள் இருக்கக் கூடாது, தனியாக ஒருபோதும் வேலை செய்யக் கூடாது. கடைசி விதி பின்பற்றப்பட்டதால்தான் அவர் உயிருடன் இருக்கிறார். பழைய கார் வைத்திருப்பவரின் துணை நள்ளிரவிலும் தொலைபேசி அருகே உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

திசை மாறிய ஆதரவு

மேவிஸுக்கு மறதிநோய் முற்றிய நிலையில் இருப்பது 2024 ஜனவரியில் வெளியே தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் லெனோ அவருக்குச் சட்டப்படியான பொறுப்பாளராகத் தம்மை நியமிக்கக் கோரி மனு அளித்திருந்தார்; ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்றது. அதன் பிறகு அளித்த பேட்டிகளில் அவர் தம் அன்றாடத்தைப் பற்றி எளிமையாகச் சொல்லியிருக்கிறார்: மாலையில் வீடு திரும்புகிறார், சமைக்கிறார், மனைவியோடு அமர்ந்து சாப்பிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறார். இதைச் சுமையாக உணரவில்லை என்றும், திருமணத்தில் கொடுத்த வாக்கு இந்த மாதிரி நாள்களுக்கானதுதான் என்றும் அவர் கூறுகிறார்.

கார்களை அவர் விட்டுவிடவில்லை. 35 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்களிக்கும் கலிஃபோர்னியா மசோதா ஒன்று அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. அதற்காகப் பேசினார், 2025-இல் அது சட்டமன்றக் குழுவிலேயே நின்றுபோனது. ஆனால் நாளின் நடு எது என்பது மாறிவிட்டது. நாற்பது ஆண்டுகள் மேவிஸ் கராஜுக்கு விட்ட நேரத்தை இப்போது கராஜ் மேவிஸுக்கு விடுகிறது. இது நடக்க முடிந்ததற்குக் காரணம், அந்தக் கராஜ் எப்போதுமே வீட்டை விழுங்கியிருக்கவில்லை என்பதே. ஆளில்லாவிட்டாலும் ஓடும் அமைப்பு அங்கே இருக்கிறது. பகலில் போய், மாலையில் கதவைச் சாத்திவிட்டு வர முடிகிறது. கார்களை வீட்டு வாழ்வோடு பிரிக்க முடியாதபடி பின்னிவிட்ட ஒருவருக்கு, துணை படுக்கையில் விழும் நாளில் இந்தக் கதவைச் சாத்துவது எளிதல்ல.

அந்த மனுவின் நோக்கத்தைப் பழைய கார் சேகரிப்போர் அனைவரும் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியச் சட்டப்படி, திருமண வாழ்வின்போது ஈட்டிச் சேர்த்த சொத்து பொதுவாகக் கணவன் மனைவி இருவருக்கும் சரிபாதி உரியது. நோய் காரணமாக உயில் போன்ற ஆவணங்களில் தாமே முடிவெடுத்துக் கையெழுத்திடும் நிலையில் மேவிஸ் இல்லை. தாம் முதலில் இறந்துவிட்டால் அவருடைய பராமரிப்புக்குப் போதுமான சொத்து முறையாக நிர்வகிக்கப்பட வேண்டும், அதற்கான அறக்கட்டளை ஏற்பாட்டை இருவர் சார்பிலும் செய்ய அனுமதி வேண்டும் என்பதே லெனோ கேட்டது. எழுபதைக் கடந்தவர், ஒரு முறை தீயிலும் ஒரு முறை கம்பியிலும் சிக்கியவர், இன்னும் பெட்ரோலும் நீராவியும் உள்ள வண்டிகளுக்கு அடியில் படுப்பவர், இதை நீதிமன்றம் வழியாகவே செய்ய வேண்டியிருந்தது. இருவரும் தெளிவோடு இருக்கும் காலத்தில் ஒரு வழக்கறிஞரின் மேசையில் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை, தாமதமானால் மனு, விசாரணை, மருத்துவச் சான்று, நீதிமன்றம் நியமிக்கும் தனி வழக்கறிஞர் என்று மாதங்களை எடுத்துக்கொள்கிறது. காரின் பதிவுப் புத்தகம், காப்பீடு, எந்தக் காரை யாரிடம் விற்கலாம், எதன் சாவி எங்கே இருக்கிறது என்ற விவரங்களைக் காரைப் பற்றி எதுவும் தெரியாத துணைக்கும் புரியும்படி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைப்பதை இந்த ஆண்டு வேலைகளில் முதலாவதாகச் செய்யுங்கள். கிளட்ச் பிளேட் மாற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.